வெல்டிங் பொறி கொடுத்த கட்டளை

“நான் அமுக்கலைங்க.”

முனிராஜ் இதை முதலில் தமிழில் சொன்னார். எதிரே இருந்தவர்கள் முகத்தில் எந்த அசைவும் இல்லை. தன் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, “நேனு நொக்கலேது” என்று வீட்டில் பேசும் தெலுங்கில் சொன்னார். பிறகு பர்சனல் மேனேஜர் பக்கம் திரும்பி, “நானு ஒத்தலில்ல சார்” என்று கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தார்.

மூன்று மொழியில் மூன்று முறை. டைப்ரைட்டர் முன்னால் இருந்தவர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி தட்டினார்: குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கிறார்.

எண்பதுகளின் கடைசி. ஓசூர்த் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேன்டீன் மாடியில் நடந்த உள்விசாரணை அது. கீழே சாம்பாருக்குத் தாளிக்கும் வாசனை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பிரஸ் ஷாப்பின் தகரக் கூரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. யூனிஃபார்மை வெளுத்து, இஸ்திரி போட்டு, மேல் பட்டன் வரை மாட்டிக்கொண்டு வந்திருந்தார் முனிராஜ். சஸ்பெண்டில் இருந்த மனிதர் யூனிஃபார்ம் போட வேண்டிய அவசியமே இல்லை.

நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நிர்வாகத் தரப்பின் இரண்டாவது சாட்சி நான்தான். என் முன்னால் ஒரு காகிதம். அதன் அடியில் என் கையெழுத்து.

அந்தக் காகிதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அடுத்தவர் மேல் வரும் கோபம் பாதி, என் மேலேயே வரும் கோபம் பாதி.

கழுத்தில் தொங்கிய பெட்டி

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் ஒன்று உண்டு. டன் கணக்கில் எடையுள்ள இரும்பு அச்சுகளைத் தூக்கி இடம் மாற்றுவது அதன் வேலை. அச்சை எல்லோரும் ‘டை’ என்பார்கள். கிரேனிலிருந்து ஒரு தடித்த ஒயர் தொங்கும். அதன் நுனியில் பட்டன்கள். ஆபரேட்டர் அதைப் பிடித்துக்கொண்டு சுமையோடு கூடவே நடக்க வேண்டும். ஒயர் எதிலாவது சிக்கும். தரையில் எண்ணெய் இருந்தால் கால் வழுக்கும்.

அந்த ஒயரை ஒழித்துவிட்டு ரேடியோ மூலம் கிரேனை இயக்கலாம் என்பது எங்கள் டெவலப்மென்ட் பிரிவுத் தலைவரின் யோசனை. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எல்லோரும் கூப்பிட்டதுபோல சீஃப் என்றே சொல்கிறேன். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருவார். புத்திசாலி. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

நான் மத்தூர்ப் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து அந்தப் பிரிவில் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். அந்தக் கட்டடத்தில் பெண் நான் ஒருத்திதான். புடவைத் தலைப்பு சால்டரிங் அயர்னில் பட்டுக் கருகிய நாளிலிருந்து அதன் மேல் ஒரு காக்கிக் கோட்டு போட்டுக்கொள்வேன். செல்வி என்ற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. மேடம், அவ்வளவுதான்.

முதலில் கடையில் கிடைக்கும் சாதாரண ரேடியோ செட்டைப் பொருத்திப் பார்த்தோம். திறந்த வெளியில் நன்றாக வேலை செய்தது. ஷாப்புக்குள் கொண்டுபோனதும் காலை வாரியது. சுற்றிலும் இரும்பு. அலை போய் மோதித் திரும்பி, நேராக வரும் அலையோடு சேர்ந்து அதையே அழித்துவிடும். ஆபரேட்டர் ஓரடி தள்ளி நின்றால் கிரேன் கேட்கும், அதே ஆள் இந்தப் பக்கம் நகர்ந்தால் செவிடாகிவிடும்.

அப்போதுதான் சீஃப் ஒரு கருத்தரங்கில் கேட்டு வந்ததைச் சொன்னார். சாதாரண ரேடியோவில் இடைவிடாத ஓர் அலை ஓடிக்கொண்டே இருக்கும். செய்தியை அதன் மேல் ஏற்றி அனுப்புவோம். இந்த முறையில் சுமக்கும் அலையே கிடையாது. வெறும் துடிப்புகள். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றிரண்டு பங்கு நேரம் மட்டும் நிற்கும் மின்துடிப்பு. அவ்வளவு குறுகிய துடிப்பு ஏதோ ஓர் அலைவரிசையில் மட்டும் இருக்காது. மெல்லியதாக எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும். இன்று இதை அல்ட்ரா வைட்பேண்ட், மீ அகலப் பட்டை என்கிறார்கள். சுவரில் மோதித் திரும்பும் துடிப்பு வந்து சேர்வதற்குள் நேராக வந்த துடிப்பு வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும். ஒன்றை ஒன்று அழிக்க முடியாது.

கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. அதை உருவாக்கிய மூன்று மாதமும் நான் வேலைக்குப் போனதுபோலவே இல்லை.

இருக்கிறதா இல்லையா, முன்னேயா பின்னேயா

துடிப்பை உண்டாக்கிவிட்டோம். அதில் செய்தியை எப்படி ஏற்றுவது?

சுலபமான வழி ஒன்று. துடிப்பு வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம். கதவைத் தட்டினால் ஆமாம், தட்டாவிட்டால் இல்லை என்று இரண்டு பேர் பேசி வைத்துக்கொள்வதுபோல. இதற்கு எளிய சர்க்யூட் போதும்.

இன்னொரு வழி, துடிப்பு வந்ததா என்று பார்க்காமல் எப்போது வந்தது என்று பார்ப்பது. ஒவ்வொரு முறையும் கட்டாயம் ஒரு தட்டு உண்டு. சற்று முன்னால் தட்டினால் ஒன்று, சற்றுப் பின்னால் தட்டினால் பூஜ்யம். ஒரே முறையில் இரண்டு தட்டு கேட்டால் யாரோ வேற்றாள் தட்டுகிறான் என்று தெரிந்துபோகும். கதவைத் திறக்காமல் இருந்துவிடலாம். ஆனால் இதற்கு ஆபரேட்டர் கழுத்தில் தொங்கும் அனுப்பும் பெட்டியும் கிரேனில் இருக்கும் வாங்கும் பெட்டியும் நேரத்தைத் துல்லியமாக ஒன்றாகக் கணக்கிட வேண்டும். வேலை அதிகம்.

நான் இரண்டாவது வழியைச் சொன்னேன். “சார், ஷாப்புல எத்தனையோ ஸ்பார்க் இருக்கு. ஸ்பார்க்கும் இதே மாதிரி துடிப்புதானே?”

“இன்னும் எத்தனை நாள் ஆகும்?” என்றார் சீஃப்.

“ஆறு வாரம், சார்.”

“டைரக்டர் வர்றது மூணு வாரத்துல. இப்போ இது ஓடட்டும். உன் ஐடியா அடுத்த மாடலுக்கு.”

வாயால் சொன்னதோடு சரி. எழுதிக் கொடுக்கவில்லை. அது என் முதல் தவறு.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுகூட இல்லை. மத்தூரில் எங்கள் வீட்டு ரேடியோவில் அப்பா சாயங்காலச் செய்தி கேட்கும் நேரத்தில்தான் பக்கத்து வயலில் பம்புசெட் போடுவார்கள். ஸ்டார்ட்டர் இழுத்ததும் ‘கர்ர்ர்’ என்று ரேடியோ கத்தும். எந்த ஸ்டேஷன் வைத்திருந்தாலும் கத்தும். அப்பா வயலைப் பார்த்து, “போட்டுட்டான்யா” என்பார். பொறி எல்லா அலைவரிசையிலும் பேசும் என்பதை நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே காதால் கேட்டவள். ரேடியோ என்ற சங்கதி பிறந்ததே பொறியில்தான் என்று பிறகு பாடத்திலும் படித்தேன்.

இரண்டாவது தவறு பெரியது. கிரேனுக்கு ஏழு கட்டளைகள். ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு, ஒவ்வொன்றையும் மூன்று துடிப்பு இடங்களாக எழுத வேண்டும். பெட்டியில் பட்டன்கள் இருந்த வரிசையிலேயே நான் அட்டவணை போட்டேன். தூக்கு, இடது, வலது, முன், பின், மெதுவாக இறக்கு. கடைசிப் பட்டன் ‘வேகமாக இறக்கு’. அதற்கு ஏழு. ஏழு என்றால் மூன்று இடத்திலும் துடிப்பு. ஒன்று, ஒன்று, ஒன்று.

வெளியிலிருந்து பொறி சடசடவென்று கொட்டினால் எல்லா இடமும் துடிப்பால் நிரம்பும். நிரம்பினால் அது ஏழு. அன்றைக்கு இது என் மண்டையில் ஏறவில்லை. ஒரே கட்டளை மூன்று முறை தொடர்ந்து வந்தால்தான் கிரேன் ஏற்கும் என்று ஒரு பாதுகாப்பு வைத்திருந்தோம். வெல்டிங் பொறி மூன்று முறை என்ன, முன்னூறு முறை கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

சோதனைக்கு நாள் குறித்தபோது சீஃப் ஞாயிற்றுக்கிழமை என்றார். மற்ற நாளில் உற்பத்தியை நிறுத்த முடியாதாம்.

ஷாப் காலியாகக் கிடந்தது. வெல்டிங் இல்லை, பிரஸ் இல்லை. குருவி கத்துவது கேட்டது. பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானே மூலைக்கு மூலை நின்று பட்டனை அமுக்கினேன். நூற்றுக்கணக்கான முறை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சந்தோஷமாக ரிப்போர்ட் எழுதினேன்: எல்லாக் கட்டளைகளும் பிழையின்றிப் பெறப்பட்டன. கையெழுத்து.

வேலை நாளில் வெல்டிங் ஓடும்போது இன்னொரு முறை பார்க்கலாம் என்று மனதில் தோன்றியது. தோன்றியதோடு சரி.

பெட்டி முனிராஜ் கைக்குப் போயிற்று. கெலமங்கலத்துக்கு உள்ளே ஒரு கிராமம் அவருக்கு. அவர் அப்பா பிறத்தியார் நிலத்தில் உழைத்தவர். குடும்பத்தில் முதலில் தொழிற்சாலைக்குள் வந்தவர் முனிராஜ். கிரேனில் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம். முட்டை மேல் டையை இறக்கச் சொன்னாலும் உடையாமல் இறக்குவார் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள்.

இரண்டாம் நாளே என்னிடம் வந்தார். “மேடம், இது சும்மாவே துள்ளுது. நான் ஒண்ணும் பண்ணாதப்பவே ஒரு ஒதறல் ஒதறுது.”

சீஃபிடம் சொன்னேன். “பேட்டரியைப் பார்” என்றார். பேட்டரியைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. “புதுசு போட்டுடு” என்றார். போட்டேன்.

நான்காம் நாள் டீ இடைவேளை முடிந்த நேரம். முனிராஜ் ஒரு பெரிய டையை முழங்கால் உயரத்தில் நிறுத்தியிருந்தார். அதன் அடியில் மரக்கட்டை வைக்கக் குனிந்தவர் கோவிந்தன். சங்கிலி மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். கட்டையை இன்னும் தள்ளி வைக்கச் சொல்லி முனிராஜ் இரண்டு கையையும் உயர்த்திச் சைகை காட்டினார். பெட்டி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதே நேரம் பக்கத்துத் தூண் அருகே, உடைந்த ரேக்கைச் சரி செய்ய வந்த வெல்டர் முதல் பொறியை வைத்தார்.

டை இறங்கியது. கோவிந்தனின் இடது கால்.

சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது முனிராஜ் ‘தூக்கு’ பட்டனை அமுக்கிப் பிடித்தபடி, “ஏறு, ஏறு, ஏறு” என்று கிரேனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கோவிந்தன் கத்தவே இல்லை. மூன்று விரல்கள் போய்விட்டன.

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தது. கவனக்குறைவாகத் தவறான பட்டனை அமுக்கியதற்காக ஆபரேட்டர் முனிராஜ் தற்காலிகப் பணிநீக்கம். ஒரு நாள்கூட ஆகவில்லை! பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனிதனைத் திறந்து பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

“ஆமாம்னு சொல்லு, உட்காரு”

விசாரணைக்கு முன்தினம் சீஃப் என்னைக் கூப்பிட்டார். “உன் கையெழுத்தான்னு கேப்பாங்க. ஆமாம்னு சொல்லு, உட்காரு. வேற எதுவும் பேசாதே.”

“சார், வெல்டிங்…”

“செல்வி, ரிப்போர்ட் உன்னோடது. நான் போட்டது இல்லை. ஞாபகம் வச்சுக்கோ.”

அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. மேசையில் இருந்த காபியை எடுத்துக் குடித்தார். அந்த ஒரு வாக்கியத்தோடு என்னைக் கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

விசாரணை அதிகாரி கிருஷ்ணகிரியிலிருந்து வந்த வயதான வக்கீல். நிர்வாகத்துக்காகப் பேசியவர் பர்சனல் மேனேஜர். முனிராஜுக்குத் துணையாகப் பேச உடன் வேலை பார்ப்பவர் ஒருவரை அனுமதித்திருந்தார்கள். லேத் ஓட்டும் நஞ்சப்பா. சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் விடமாட்டார்.

“கோவிந்தனைக் கூப்புடுங்க சார். ரெண்டு கையும் மேல இருந்துதா இல்லியான்னு அவருதான பாத்தாரு?” என்றார் நஞ்சப்பா.

பர்சனல் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் டைப் அடித்தது. ‘சம்பவத்தைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை.’ கீழே கோணல்மாணலாகக் கோவிந்தனின் தமிழ்க் கையெழுத்து.

அப்புறம்தான் முனிராஜ் மூன்று மொழியில் சொன்னதும், டைப்ரைட்டர் ஒரு வரி தட்டியதும்.

என் முறை வந்தது. பர்சனல் மேனேஜர் கேட்டார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாம்.”

“எல்லாக் கட்டளையும் பிழையில்லாம வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப செட்டுல கோளாறு இல்ல. சரிதானே?”

உட்காரலாம். உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முனிராஜைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியில்லை. அது ஞாயிற்றுக்கிழமை எடுத்த டெஸ்ட். வெல்டிங் ஓடலை. வெல்டிங் பொறி பட்டா அந்த செட்டு தானாவே இறக்கும்” என்றேன்.

பர்சனல் மேனேஜரின் பேனா நின்றது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த சீஃப் எழுந்தேவிட்டார். “இது அவங்க ஊகம்” என்றார்.

“ஊகமில்ல. கிரேன்கிட்ட வாங்க, காட்டறேன். பெட்டியோட பேட்டரியைக் கழட்டி இந்த ஐயா கையிலயே குடுத்துடறேன்.”

விசாரணையில் அப்படியொரு வழக்கமே இல்லை என்றார் பர்சனல் மேனேஜர். வக்கீல் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “பேட்டரி என் கையிலயா?” என்று கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். அந்த முதியவரின் ஆர்வம் மட்டும் இல்லாவிட்டால் முனிராஜின் கதை அந்த மாடியிலேயே முடிந்திருக்கும். ஒரு மனிதனின் பிழைப்பு இன்னொரு மனிதனின் ஆர்வத்தில் தொங்குவது என்ன நியாயம்?

மூன்றாவது பொறி

கொக்கியில் சுமை இல்லை. எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினோம். பெட்டியின் பேட்டரியைக் கழற்றி வக்கீல் கையில் கொடுத்தேன். செத்த பெட்டியைத் தரையில் வைத்தேன்.

வெல்டர் தன் பகுதியில் பொறி வைத்தார். கொக்கி அசையவில்லை. மறுபடி வைத்தார். அசையவில்லை.

“போதுமா?” என்றார் சீஃப்.

நஞ்சப்பாதான் காப்பாற்றினார். “அன்னிக்கு அங்கயா பண்ணாங்க? இந்தத் தூண்கிட்ட, ரேக்குக்கிட்ட பண்ணாங்கப்பா. இங்க இழுத்துட்டு வாங்க மெசினை.”

இழுத்து வந்தார்கள். மூன்றாவது பொறி. நீல வெளிச்சம் அடித்தது. சங்கிலி கடகடவென்று அலற, கொக்கி தரையை நோக்கிப் பாய்ந்தது. யாரோ “அய்யோ” என்றார்கள். தடாலென்று தரையில் இடித்து நின்றது.

வக்கீல் தன் உள்ளங்கையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். திரும்பப் பேட்டரியைப் பார்த்தார்.

முனிராஜ் மட்டும் கொக்கியைப் பார்க்கவில்லை. அன்று ரத்தம் கழுவிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன் அப்படி இறங்கியது என்று வக்கீல் கேட்டார். துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் முறை, அதைத் தேர்ந்தெடுத்தது சீஃப், மூன்று இடமும் நிரம்பினால் ‘வேகமாக இறக்கு’. எல்லாம் சொன்னேன். ஏழுக்கு அந்தக் கட்டளையைக் கொடுத்து அட்டவணை போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊத்தங்கரையில்

அந்த வாரக் கடைசியில் கிருஷ்ணகிரி போய் பஸ் மாறி ஊத்தங்கரைக்குப் போனேன். கோவிந்தன் வாசல் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

“எதுவும் ஞாபகமில்லைன்னு எழுதிக் குடுத்தீங்களாண்ணா?” என்று கேட்டேன்.

கோவிந்தனுக்குப் புரியவே இல்லை. “நானா? ஞாபகம் இல்லாம என்ன? முனிராஜு ரெண்டு கையும் மேல தூக்கிக்கிட்டுதான நின்னான்.”

அவர் மனைவிதான் சொன்னார். “ஆஸ்பத்திரிக்கு ஆபீசுக்காரரு வந்தாரும்மா. ஊசி போட்டு இவரு அரத் தூக்கத்துல கெடந்தாரு. ஆஸ்பத்திரி பேப்பருன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க.”

மோரைக் கீழே வைத்தேன். அரை மயக்கத்தில் கிடந்த மனிதனின் கையில் பேனாவைத் திணித்து, அவன் கண்ணால் கண்டதை அவன் கையாலேயே அழிக்கச் செய்திருக்கிறார்கள். இதைச் செய்தவர் காலையில் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருப்பார். மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளோடு சாப்பிட்டிருப்பார்.

இதோடு இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறாது. சில மாதம் கழித்துப் பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் சீஃப் கட்டுரை வாசித்தார். தொழிற்சாலைகளில் துடிப்பு ரேடியோவுக்கு ‘இருக்கிறதா இல்லையா’ முறை ஏன் ஆபத்து, ‘முன்னேயா பின்னேயா’ முறை ஏன் நல்லது என்பது பொருள். படங்கள் நான் வரைந்தவை. கைதட்டல் பலமாம். கோவிந்தனின் மூன்று விரல்கள் அந்தக் கட்டுரையில் ‘ஒரு சிறு நிகழ்வு’.

மன்னிப்பு என்ற சொல்

வக்கீலின் அறிக்கை வந்தது. குற்றம் நிரூபணமாகவில்லை. முனிராஜுக்கு மீண்டும் வேலை என்று கடிதம் அனுப்பினார்கள்.

அவர் கடிதத்தோடு கேட்டில் வந்து நின்று என்னை வரச் சொன்னார். “இங்கிலீசுல இருக்கு மேடம். படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். அவருடைய நீண்ட கால நன்னடத்தையைக் கருத்தில் கொண்டு, இந்தத் தவறு மன்னிக்கப்பட்டு, அவர் மீண்டும் பணியில் சேர அனுமதிக்கப்படுகிறார்.

“என்னது, மன்னிச்சுட்டாங்களா?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

“நான் பண்ணாததை எப்புடி மன்னிப்பாங்க?”

கடிதத்தை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட அவர் மறுத்துவிட்டார். அந்தச் சொல்லை எடுத்தால்தான் உள்ளே வருவேன் என்றார். வருகை பதியும் டைம் ஆபீஸுக்கு எதிரே இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாளும் முதல் ஷிஃப்ட் சைரனுக்கு யூனிஃபார்மோடு வந்தார், சாயங்காலச் சைரன் வரை உட்கார்ந்தார், போனார். கோஷம் இல்லை, அட்டை இல்லை. டிபன் கேரியரைத் திறந்து களியைச் சாப்பிடுவார், கைகழுவுவார், திரும்ப உட்காருவார்.

கூட வேலை பார்த்தவர்களே, “வேலைதான் குடுத்துட்டாங்களே, ஒரு வார்த்தைக்கா இந்தப் பாடு?” என்று கேட்டார்கள். அவர் யாரோடும் வாதம் செய்யவில்லை.

நான்காம் நாள் ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி கோவிந்தன் வந்தார். கக்கத்தில் ஊன்றுகட்டை. யாரும் கூப்பிடவில்லை. முனிராஜ் நகர்ந்து இடம் விட்டார். கோவிந்தன் கட்டுப்போட்ட காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு ஷிஃப்டும் அந்தப் பெஞ்சைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தியது.

ஒன்பதாம் நாள் பர்சனல் மேனேஜர் கேட்டுக்கே இறங்கி வந்தார். கையில் புதிய கடிதம். அதில் மன்னிப்பு இல்லை. “இவர் மீது தவறேதும் இல்லை” என்று இருந்தது. நான் படித்துச் சொன்னேன்.

“எனக்குத் தெரிஞ்ச எழுத்துல எழுதச் சொல்லுங்க” என்றார் முனிராஜ். அவர் சிறுவயதில் படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில். பர்சனல் மேனேஜரின் தாய்மொழி கன்னடம். அவர் டைம் ஆபீஸ் ஜன்னல் கட்டையில் தாளை வைத்து, தன் கையால் கன்னடத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலை நிமிராமல் உள்ளே போய்விட்டார்.

முனிராஜ் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். “பட்டனு அமுக்குனது இவரு இல்லைன்னு எழுதியிருக்காரு” என்று கோவிந்தனுக்குச் சொன்னார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப யாருன்னு எழுதலையே மேடம்?”

கோவிந்தனும் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். பட்டனை யாரும் அமுக்கவில்லை, பொறி கொடுத்த கட்டளை அது. ஆனால் அந்தப் பொறிக்கு ‘வேகமாக இறக்கு’ என்று அர்த்தம் கொடுத்த அட்டவணை நான் போட்டது. இன்னொரு துடிப்பு இடம் சேர்த்து, எல்லா இடமும் நிரம்பினால் கட்டளையே இல்லை என்று வைத்திருந்தால் கிரேன் சும்மா நின்றிருக்கும். ஏழு கட்டளை இருக்கிறது, ஏழு எண் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். விசாரணையில் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் முழுதும் கேட்டார்கள். கோவிந்தன் தன் காலைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

முனிராஜ் கடிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை என் முன்னால் நீட்டினார். “எழுதிக் குடுங்க மேடம்.”

“எனக்குக் கன்னடம் எழுத வராது, தமிழ்லதான் எழுதணும். உங்களுக்குப் படிக்கத் தெரியாதே?”

“எம் பொண்ணு தமிழ் இஸ்கூல்லதான் படிக்குது. எழுதுங்க.”

அதே ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினேன். நான்கு வரி. அடியில் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் ஷிஃப்ட் மாறும் நேரமாகிவிட்டது. ஆட்கள் கேட்டுக்குள் வர ஆரம்பித்தார்கள், நஞ்சப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். சீஃபின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றது.

“படிச்சுக் காட்டுங்க” என்றார் முனிராஜ்.

மெதுவாகப் படித்தேன்.

“சத்தமா, மேடம்.”

சத்தமாகப் படித்தேன். நான்கு வரியும் முடிந்ததும் தாளை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“இதையும் படிங்க.”

என் பெயரைப் படித்தேன்.